மரகதம் டாக்டர் வைத்த சூடு

அன்று காலையின் முதல் ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தபோது தியேட்டர் சிஸ்டர் அழைத்தார். அறுவை அரங்கிலிருந்து வரும் அழைப்பில் வழக்கமாக ஒரே செய்திதான் இருக்கும்: "சதை அனுப்பறோம் சார், ரெடியா இருங்க." அன்று அவர், "மேடம் இன்னைக்கு வரலை சார்," என்றார்.

"மேடம் லீவா? மழைதான் வரும் போங்க," என்றேன். மரகதம் டாக்டர் லீவு போட்டு நான் பார்த்ததில்லை.

"லீவு இல்லை சார். காலையில வாசல்ல பேப்பர் எடுக்கக் குனிஞ்சவங்க அப்படியே உக்காந்துட்டாங்களாம். ஆம்புலன்ஸ் வரங்காட்டியும் எல்லாம் முடிஞ்சிருச்சு."

போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஸ்லைடைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் இருந்தது அவர் முந்தைய நாள் எடுத்துக் கொடுத்த கட்டி. அதற்கான பதிலைக் கேட்க இனி அவர் வரமாட்டார் என்பது மெல்ல மெல்லத்தான் மண்டையில் ஏறியது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் மரகதம் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் உள்ள எங்கள் மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை மருத்துவர். திருச்செங்கோட்டுக்காரர். தகப்பனார் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டவர். நான் அதே மருத்துவமனையில் நோய்க்குறியியல் மருத்துவன். வெட்டியெடுத்த சதையைப் பார்த்து, புற்றா இல்லையா, ஓரம் சுத்தமா இல்லையா என்று சொல்வது என் பிழைப்பு. நோயாளிகள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் வசதி என்றே நினைத்துவந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, மற்ற மருத்துவர்கள் ஆள் மூலம் கொடுத்தனுப்பும் டப்பாவை இவர் தாமே சுமந்துகொண்டு என் ஆய்வகத்துக்கு வந்து நின்றார். "நீங்கதான் புது டாக்டருங்களா? எந்த ஊருங்க?" என்றார். "ஆத்தூர்," என்றேன். "அதான பாத்தேன். ஒரு 'ங்க' போட்டா நாக்கு தேஞ்சா போயிரும்?" என்று சிரித்தார். அன்று தொடங்கிய கிண்டல் கடைசி நாள்வரை ஓயவில்லை. மாலையில் காரச் சட்னி தடவிய தட்டுவடை செட் வாங்கிவரச் சொல்லி, காரம் தூக்கலாக இருக்கும் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, என் கண்ணில் நீர் வருவதை ரசிப்பார். அந்த விஷயத்தில் அவர் இரக்கமே இல்லாதவர்.

அறுவையில் அவர் கைராசிக்காரர் என்று ஊரே சொல்லும். அவருக்கோ அறுவையின் மீது பெரிய காதல் கிடையாது. "மொச்சைக்கொட்டை அத்தனை கட்டிக்கு இத்தனை பெரிய தழும்பா?" என்று புலம்புவார். மார்பில் தழும்போடு வீடு திரும்பும் பெண்கள் அதன் பிறகு விசேஷ வீடுகளுக்குக்கூடப் போகாமல் ஒதுங்கிக்கொள்வதை அவர் பார்த்திருந்தார். அதனால்தான் வெப்பச் சிகிச்சையைப் பற்றிப் படிக்கவும், வெளியூர் போய்ப் பயிற்சி எடுக்கவும் தொடங்கினார்.

அந்தச் சிகிச்சையை எளிமையாகச் சொல்லிவிடலாம். ஆரம்ப நிலையில் உள்ள சிறு கட்டி. மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே ஒரு மெல்லிய ஊசிக் கம்பியைக் கட்டியின் நடுவில் செலுத்துவார்கள். கம்பியின் முனை சூடாகிக் கட்டியை உள்ளேயே வேகவைத்துவிடும். தோல் வெந்துவிடக் கூடாது என்பதற்காகத் தோலுக்கும் கட்டிக்கும் நடுவே குளிர்ந்த உப்புநீரைச் செலுத்துவார்கள். பிறகு சில வாரங்கள் கழித்து, வெந்த கட்டியைச் சுற்றியுள்ள சதையோடு சேர்த்து அறுவையில் எடுத்துவிட வேண்டும். செத்த கட்டி கொஞ்ச காலம் உள்ளே கிடந்தால் உடம்பு எதிரியை அடையாளம் கண்டுகொள்ளப் பழகும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. அது இன்னும் உறுதியாகவில்லை. கட்டி முழுதாகச் சாகிறதா என்பதே உறுதியாக வேண்டியிருந்தது. ஆகவே இதை ஓர் ஆய்வாகத்தான் செய்தோம். சுட்ட பிறகு அறுவை கட்டாயம் உண்டு என்பதைச் சேரும்போதே ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடுவோம்.

நோயாளி விழித்திருக்கும்போதே இதைச் செய்யலாம். வலது கையில் ஊசிக் கம்பி இருக்க, மரகதம் டாக்டர் இடது உள்ளங்கையை அந்தப் பெண்ணின் தோல்மீது வைத்திருப்பார். வெப்பநிலையைக் காட்ட இயந்திரம் இருக்கும்போது கை எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "மிசினு எனக்குச் சொல்லும். கை அவங்களுக்குச் சொல்லும்ங்க," என்றார். கை அங்கே இருக்க, வாய் பாட்டுக்கு மழையைப் பற்றியும் மரவள்ளி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும்.

இதில் என் பங்கும் உண்டு. சூட்டில் செத்த செல் ஒரு பெரிய ஏமாற்றுக்காரன். வழக்கமான சாயத்தில் போட்டால் உயிரோடு இருப்பதைப் போலவே முழு வடிவத்தோடு காட்சி தரும். அதனால் சதையைப் பச்சையாகவே உறையவைத்துச் சீவி, வேறொரு சாயம் போட வேண்டும். உயிருள்ள செல் நீலமாகும். செத்தது வெளிறிக் கிடக்கும். சாயம் ஏறும்வரை மரகதம் டாக்டருக்கு இருப்புக் கொள்ளாது. ஆய்வக வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"உசுரு இருக்குதுங்களா?"

முதல் பெண்ணின் கட்டியைப் பார்த்துவிட்டு, "இல்லை மேடம்," என்றேன். அவர் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. அடுத்து வந்தவருக்கும் அதே கேள்வி, அதே பதில். அன்று தட்டுவடை செட்டில் காரமே போடச் சொல்லவில்லை.

செய்தி மேலே போனது. ஒரு வாரத்துக்குள் மருத்துவமனை வாசலில் ஒரு ஃபிளக்ஸ் முளைத்தது. 'கத்தியின்றி மார்பகப் புற்றுக்குத் தீர்வு' என்று கொட்டை எழுத்தில். காரை விட்டு இறங்கிய மரகதம் டாக்டர் அதை நின்று படித்தார். செக்யூரிட்டியிடம் ஏணி கேட்டார். அவர் தயங்கவே, மேலாளரை வாசலுக்கே வரவழைத்துவிட்டார்.

"நல்ல சேதிதானே மேடம்? நாலு பேருக்குத் தெரியட்டுமே," என்றார் மேலாளர்.

"நானே இன்னும் நம்பலைங்க. அதுக்குள்ள ஊரை நம்பச் சொல்றீங்களே? எறக்குங்க."

ஃபிளக்ஸ் இறங்கிய பிறகுதான் அவர் உள்ளே போனார்.

அந்தச் சமயத்தில்தான் புதுச்சத்திரம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பாவாயி வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் ராமசாமி விவசாயி. கட்டி சிறியது, அக்குளுக்குப் பரவவில்லை. ஆய்வில் சேரச் சம்மதித்தார். வெப்பச் சிகிச்சை சிக்கலின்றி முடிந்தது. சில வாரங்கள் கழித்து அறுவைக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள். அந்த நாள் வந்தது. பாவாயி வரவில்லை. போன் செய்தால் ராமசாமி எடுத்து, "நல்லாருக்கறாங்க, கட்டி கரைஞ்சுட்டு வருதுங்க, ஆபரேசன் வேண்டாமுங்க," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று என் அறையில் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் மரகதம் டாக்டரின் முழு உருவமும் எனக்கு அதில்தான் தெரிந்தது. மேலாளர் வந்து, "அவங்களே வேண்டாம்னுட்டாங்க மேடம். ஒரு கையெழுத்து வாங்கிட்டு விட்டுருங்க. சுட்ட பிறகு எடுத்த ஸ்கேன்லயும் ஒண்ணும் தெரியலை. நல்லா இருந்துட்டாங்கன்னா நீங்க நினைச்சது நடந்த மாதிரிதானே?" என்றார். பேச்சில் நியாயம் இருப்பதைப் போலவே இருந்தது. கத்தி வேண்டாம் என்று ஒரு பெண்ணிடமாவது சொல்லும் நாளுக்காகத்தான் அவர் இத்தனை பாடுபட்டார். இப்போது ஒரு பெண் தானாகவே சொல்கிறார். சும்மா இருந்தாலே போதும்.

மரகதம் டாக்டர், "ஆசை எனக்குங்க. உசுரு அவங்களுது," என்றார். என் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கெழமை என்ன வேலைங்க உங்களுக்கு? புதுச்சத்திரம் போயிட்டு வரலாம்," என்றார்.

"நான் எதுக்கு மேடம்? நோயாளிகிட்ட எனக்குப் பேசவே வராது."

"பேச வேண்டாம். வந்து நின்னாப் போதும்."

நாமக்கல் சாலையில் அவர் கார் ஓட்டிய வேகத்தைப் பற்றி நான் எழுதாமல் இருப்பதே மறைந்தவருக்குச் செய்யும் மரியாதை. தோட்டத்து வீட்டில் எங்களை நன்றாகவே வரவேற்றார்கள். "ஊட்டுக்குள்ள வாங்க டாக்டரம்மா," என்று பாவாயி மோர் கொண்டுவந்தார். அறுவையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. மரகதம் டாக்டர் மோரைக் குடித்துவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய், அங்கே கட்டியிருந்த எருதைப் பார்த்தார். அதன் முன்னங்கால் முட்டியில் வழவழப்பான ஒரு தழும்பு இருந்தது.

"சூடு வெச்சீங்களாண்ணா?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றார் ராமசாமி. பேச ஒரு வழி கிடைத்த நிம்மதி குரலில் தெரிந்தது. "முட்டி வீங்கிப் போயி நொண்டிட்டுக் கெடந்துதுங்க. அரிவாளைக் காச்சி இழுத்தமுங்க. பொருக்கு தானா உழுந்துது. இப்ப வண்டி இழுக்குது. சூடு வெச்ச எடத்துல கத்தி படக்கூடாதுங்க டாக்டரம்மா. பட்டா சீப்புடிச்சு அந்தக் காலே போயிரும். எங்கப்பன் காலத்துல ஒரு மாட்டைப் பறிகொடுத்தமுங்க. மாட்டுக்கே அப்படின்னா மனுசருக்கு? சூடு நீங்களே வெச்சுட்டீங்க. அப்பறம் நீங்களே எப்படிங்க கத்தி வெக்கறது?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மருத்துவமனையில் சிகிச்சையை விளக்கும்போது, புரியட்டும் என்று மரகதம் டாக்டரே சொல்வார்: "பயப்படாதீங்க, உள்ளுக்குள்ள ஒரு சூடு வெக்கறோம், அவ்வளவுதான்." புரிந்திருக்கிறது. அளவுக்கு மேலேயே புரிந்திருக்கிறது. கால்நடை வளர்க்கும் வீட்டில் சூட்டுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டத்தின்படி அவர்கள் நடந்திருக்கிறார்கள். தங்கள் கணக்கில் அவர்கள் டாக்டரின் சொல்லை மீறவே இல்லை.

மரகதம் டாக்டர் முகத்தில் ஒரு கணம் வந்து போன சங்கடத்தைப் பார்த்தேன். மறுகணமே, "தப்பு எம்பட வாய் மேலதாங்கண்ணா," என்றார். "சூடுன்னு சொன்ன நானு, அது மாட்டுச் சூடு மாதிரி இல்லைன்னும் சொல்லியிருக்கோணும். முட்டி வீக்கம் வத்துச்சா இல்லையான்னு நீங்க தொட்டே பாத்துக்குவீங்க. இது உள்ளுக்குள்ள கெடக்குது. செத்தாலும் கெட்டியாத்தான் இருக்கும், உசுரோட இருந்தாலும் கெட்டியாத்தான் இருக்கும். தொட்டுச் சொல்ல முடியாதுங்க. ஸ்கேன்லயும் முழுசாச் சொல்ல முடியாது. எனக்கே தெரியாதுங்க."

"நீங்கதானுங்களே சூடு வெச்சீங்க?" ராமசாமிக்கு நம்ப முடியவில்லை.

"வெச்சது நானு. செத்துப்போச்சான்னு எனக்குத் தெரியாது. அதைப் பாத்துச் சொல்றவரு இவருதான்," என்று என்னைக் காட்டினார். "இவரு பாத்துட்டேன்னு சொன்னாத்தான் நானே நம்புவேன். இவருகிட்டக் காட்டோணும்னா எடுத்துத்தான் காட்டோணும்."

பெரிய டாக்டர் ஒருவர் தமக்குத் தெரியாது என்று வீட்டு வாசலில் வந்து சொன்னதை அந்தத் தம்பதி எதிர்பார்க்கவில்லை. எந்த விளக்கத்தையும்விட அதுதான் அவர்களை அசைத்தது. அதுவரை தூணோரம் நின்றிருந்த பாவாயி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரு பொய் சொல்ல மாட்டாருங்களா?"

"அவருக்குச் சிரிச்சுப் பேசவே தெரியாது சாமி. இதுல பொய் வேற எங்க சொல்றது?" என்றார் மரகதம் டாக்டர்.

பாவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, இரண்டாவது டம்ளர் மோரைக் குடித்தேன். நாங்கள் கிளம்பும்போது கார்க் கதவருகே வந்து, "அமாவாசையன்னைக்கு வாரேனுங்க. நல்ல நாளு," என்றார் பாவாயி. சொன்னபடியே வந்தார்.

அறுவை முடிந்து சதை ஆய்வகத்துக்கு வந்தது. வழக்கம்போல மரகதம் டாக்டர்தான் கொண்டுவந்தார். சாயம் ஏறியதும் பார்த்தேன். கட்டி முழுதும் வெளிறிக் கிடந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு நீலக் கீற்று. இன்னொரு துண்டைச் சீவிப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது.

"உசுரு இருக்குதுங்களா?"

"இருக்கு மேடம்."

இரட்டைத் தலை நுண்ணோக்கியின் மறுபக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். அவர் கனவில் விழுந்த கீறல் அது என்பது எனக்குத் தெரியும். நீலக் கீற்று நன்றாகத் தெரியும்படி ஸ்லைடை நகர்த்திக் கொடுத்தேன். பார்த்தபடியே அவர் பேசினார். "எங்கப்பா சொல்லுவாரு, போர் போடற பாயிண்ட் ஒரு நூல் தள்ளிப்போனாலும் தண்ணிக்குப் பதிலா மண்ணுப் புகைதான் வரும்னு. நான் ஒரு நூல் தள்ளிட்டேனுங்க." பிறகு நிமிர்ந்தார். "சுத்தி எடுத்த சதை?"

"சுத்தம். நாலு பக்கமும் சுத்தம். எல்லாம் வெளிய வந்துருச்சு."

"நல்லவேளைங்க," என்றார். "அமாவாசை நல்ல நாளுதான்."

நேராக வார்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன், ஏன் போனேன் என்று தெரியாது. பாவாயியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நான் வெச்ச சூடு ஒரு ஓரத்துல பத்தலைங்க சாமி. கொஞ்சம் உசுரு மிச்சம் இருந்துச்சு. நீங்க வந்ததால அதுவும் வெளிய வந்துருச்சு," என்றார். எதையும் பூசி மெழுகவில்லை. ராமசாமி கைகூப்பினார். "கும்பிடறதெல்லாம் வேண்டாங்கண்ணா. கதிர் சிகிச்சைக்கும் மாத்திரைக்கும் ஒழுங்காக் கூட்டிட்டு வாங்க," என்றார் டாக்டர்.

பின்னர் மருத்துவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் அவர் இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசினார். முழுதாகச் செத்த கட்டிகளின் படங்கள் கைவசம் இருந்தும், முதலில் திரையில் போட்டது அந்த நீலக் கீற்றைத்தான். தோல்வியை ஏன் முன்னால் வைக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். "மத்ததெல்லாம் எனக்குப் பிடிச்ச படம். இது உங்களுக்கு வேண்டிய படம்," என்றார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அவரை எண்ணி மிகவும் பெருமையாக இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தட்டுவடையில் காரம்தான் கூடியிருக்கும்.

அதற்குப் பிறகு ஊசியைச் செலுத்தும் முறையை மாற்றினார். ஓரங்களுக்கும் சூடு எட்டும்படி, தேவைப்பட்டால் இடம் மாற்றி இன்னொரு முறை செலுத்தினார். சூடு என்ற சொல்லைச் சொல்லும்போதெல்லாம், "இது மாட்டுச் சூடு இல்லீங்க, இதுக்கு அப்பறம் கத்தி உண்டு," என்பதையும் சேர்த்தே சொன்னார். நீலம் அரிதாகிக்கொண்டே வந்தது. ஆனாலும் சுட்டதை எடுத்துப் பார்க்காமல் ஒருவரையும் அவர் விட்டதில்லை. "ஒரு நாள் கத்தியே வேண்டாம்னு சொல்லத்தான் போறோம். அதை நான் ஆசைப்பட்டுச் சொல்லக் கூடாதுங்க. நீங்க பாத்துட்டுச் சொல்லோணும்," என்பார். அந்த நாள் வரும் முன்பே அவர் போய்விட்டார். அதுதான் எனக்குத் தாங்க முடியாத துக்கமாக இருக்கிறது.

அந்தச் செய்தி வந்த அன்று அவர் வீட்டுக்குப் போனபோது தெரு முழுதும் பெண்கள். பலரின் முகம் எனக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொருவரின் கட்டியையும் நான் பார்த்திருப்பேன். உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டிக்கு அருகே நின்றேன். அவர் தூங்குவதைப் போல இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாலையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

அப்போது பந்தலுக்குள் ஓட்டமும் நடையுமாகப் பாவாயி வந்தார். பின்னால் ராமசாமி, பேருந்தில் வந்த களைப்போடு. பாவாயி என்னை அடையாளம் கண்டு நேராக வந்தார். மூச்சு வாங்கியது.

"பஸ்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க சார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிருக்கறாங்கன்னு ஒருத்தரு சொல்றாரு. டாக்டரம்மாவுக்கு உசுரு இருக்குதுங்களா?"

இத்தனை வருடங்களாக அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையும், கேட்டவர் முகம் மலர்வதை மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். உள்ளே கண்ணாடிப் பெட்டி இருந்த பக்கம் கையைக் காட்டினேன். பாவாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பந்தலும், மாலைகளும், அழுகையும் அவருக்குப் போதவில்லை.

"நீங்க பாத்துட்டீங்களா?" என்றார்.

"பாத்துட்டேங்க," என்றேன். "இல்லீங்க."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டியின் மீது உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எடுத்துப் போகும் நேரம் வந்தபோதுதான் ராமசாமி அந்தக் கையை மெதுவாக விலக்கினார்.

போய் வாருங்கள் மேடம். நாளைக்கு வேறு யாரோ சதையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நிற்காமல் திரும்பிப் போவார்கள். வாசலில் நின்று கேட்க ஆளில்லை என்றாலும், நான் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.